போதும் என்று சொல்ல ஓர் ஆள்

(இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது சீட்டாட்டம் பற்றி. சிரிக்கிறீர்கள். லயத்துப் பிரச்சினை இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது, சம்பளப் பிரச்சினை இருக்கிறது, இந்த மனுசன் காட்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைக்கிறீர்கள். ஐயா, நானும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பத்தாம் திகதி கைக்கு வருகிற சம்பளம் பதினோராம் திகதி எந்த வழியாக வெளியே போகிறது என்பதைப் பற்றி.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். நேரில் உட்கார்ந்து சீட்டு ஆடுவதற்கும் போனில் ஆடுவதற்கும் என்ன வித்தியாசம்? அதே ராஜா, அதே ராணி, அதே 52 சீட்டு. ரம்மி என்றால் அங்கேயும் ரம்மி, இங்கேயும் ரம்மி. போக்கர் என்றால் அங்கேயும் போக்கர், இங்கேயும் போக்கர். பிறகு எதற்கு இத்தனை சட்டம், இத்தனை வழக்கு, இத்தனை கண்ணீர்?

விடையைத் தேடித் தூரம் போக வேண்டாம். முதலில் நம் ஊர்ச் சாவு வீடு ஒன்றுக்குப் போவோம்.

இரவு பத்து மணி. இஸ்தோப்பில் பெண்கள். வாசலில் தகரப் பந்தல். பந்தலுக்குக் கீழே நாலு பேர், நடுவில் ஒரு பலகை. ஆட்டம், முந்நூற்று நாலு. 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76 ஆச்சு. நாலு வகைக்கும் கூட்டினால் 304. பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டவன்கூட இங்கே விரல் மடக்காமல் கூட்டுகிறான்!

ஏலம் கேட்டவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். எதிரில் இருக்கும் கூட்டாளி தொண்டையைச் செருமுகிறார். "ஏய், சைகை காட்டாத!" என்று பக்கத்திலிருந்து சத்தம். ஆட்டம் நிற்கிறது. வழக்கு நடக்கிறது. பின்னால் நிற்கிற ஐந்து பேர் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள். அதற்குள் தேத்தண்ணி வந்துவிடுகிறது. பலகை நனைந்துவிடும் என்று சீட்டை அள்ளி மடியில் வைக்கிறார்கள். குடித்து முடித்து மறுபடி கலைத்து, வெட்டி, போடுகிறார்கள். ஜாக் வைத்திருப்பவர் அதைச் சும்மா வைக்கமாட்டார். பலகை அதிர அடித்துத்தான் இறக்குவார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல்: "ஏன்டா, விடிஞ்சா பெரட்டுக்குப் போக வேணாமா? போதும், எந்திரிங்கடா!"

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள், நண்பர்களே. இங்கே சீட்டைத் தவிர வேறு என்னவெல்லாம் இருக்கிறது? மெதுவாக நடக்கிற நேரம் இருக்கிறது. சுற்றி நின்று பார்க்கிற கண் இருக்கிறது. எதிரில் இருப்பவனின் வீட்டு நிலைமை தெரிந்த மனசு இருக்கிறது. அவன் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் பந்தயத்தை ஏற்றக் கை கூசும். கடைசியாக, போதும் என்று சொல்கிற ஒரு வாய் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக வருகிற பஸ்ஸுக்கு வளைவுக்கு வளைவு பிரேக் வேண்டும். சாவு வீட்டுச் சீட்டுக்கு இந்த நான்கும்தான் பிரேக். யாரும் திட்டம் போட்டு வைத்தவை இல்லை. மனிதர்கள் கூடி உட்கார்ந்ததாலேயே தாமாக வந்தவை. போனில் சீட்டு இருக்கிறது, காசு இருக்கிறது. அந்த நான்கு பிரேக் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நேரம்.

போக்கரையே எடுத்துக்கொள்வோம். டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விழும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெற்றி. இடையிடையே நான்கு முறை பந்தயம். மேசையில் நேருக்கு நேர் ஆடினால் ஒரு மணித்தியாலத்தில் 25, 30 ஆட்டம் நடக்கும். இணையத்தில் ஒரே மேசையில் 60ஐத் தாண்டும். அதுவும் ஒரு மேசைதான் என்று யார் சொன்னது? பழகியவர்கள் ஒரே நேரத்தில் நாலு மேசை, எட்டு மேசை திறந்து வைத்து ஆடுகிறார்கள். கலைக்க நேரமில்லை, வெட்ட நேரமில்லை, சண்டை பிடிக்க நேரமில்லை. தோற்ற வலி உறைக்கும் முன்னே அடுத்த சீட்டு வந்துவிடுகிறது. நேரில் ஓர் இரவு முழுக்க விழித்திருந்து தோற்கிற காசை, போனில் கொழுந்து நிறுக்கப் போகிற இடைவெளியில் தோற்றுவிடலாம்!

இரண்டாவது, கண். சுற்றி நிற்பவர் கண் மட்டுமல்ல, ஆடுகிறவரின் கண்ணும்தான்.

போக்கரில் கையில் ஒன்றுமே இல்லாதவனும் பெரிய தொகையைத் தள்ளி, மற்றவர்களை மிரட்டிச் சீட்டைக் கவிழ்க்க வைக்கலாம். ஆகவே நேரில் ஆடுகிறவர்கள் சீட்டைவிட முகத்தைத்தான் படிக்கிறார்கள். அமெரிக்காவில் மைக் காரோ என்பவர் 1984இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கை நடுங்கினால் பயம் என்று நாம் நினைப்போம். அவர் சொல்வது வேறு: திடீரென்று கை நடுங்கினால் பெரும்பாலும் பெரிய சீட்டு வந்த பரபரப்பு, ஒதுங்கிக்கொள்.

இணையத்தில் முகம் இல்லை, கை இல்லை. யார் எவ்வளவு நேரம் யோசிக்கிறார், எவ்வளவு பந்தயம் வைக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். போகட்டும், இரண்டு பக்கத்துக்கும் அது சமம்தானே என்பீர்கள். சமமா? அனுமதிக்கிற தளங்களில், எதிரில் இருக்கும் கெட்டிக்காரன் ஒரு மென்பொருளைத் திறந்து வைத்திருப்பான். நீங்கள் எப்போது பயந்து கவிழ்க்கிறீர்கள், எப்போது துணிந்து ஏற்றுகிறீர்கள் என்ற கணக்கெல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று அவன் திரையில் நிற்கும். அவனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு புனைபெயரும் ஒரு பொம்மைப் படமும்!

மூன்றாவது, எதிரில் இருப்பது யார்?

மனிதன்தானா? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலைத் தலைசிறந்த போக்கர் ஆட்டக்காரர் நால்வருக்கு எதிரே உட்கார வைத்தார்கள். 20 நாள், 1 இலட்சத்து 20 ஆயிரம் ஆட்டம். நால்வரும் தோற்றார்கள். கணக்கில் 17 இலட்சம் டொலருக்கு மேல் நிரலின் பக்கம் சேர்ந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையிலும் வென்றது. உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், காற்சட்டைப் பையில் அரைகுறை சார்ஜோடு போன் வைத்திருக்கும் நம் தம்பியின் கதி என்ன?

சரி, சீட்டையாவது நேர்மையாகக் கலைக்கிறார்களா? இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? 8 என்று எழுதி, பக்கத்தில் 67 சைபர் போடுங்கள். ஏறக்குறைய அத்தனை விதம். இணையத்தில் முதன்முதலாகக் காசுக்குப் போக்கர் நடத்தியது பிளானட் போக்கர் என்ற தளம், 1998இல். அந்தத் தளத்துக்கு மென்பொருள் செய்தவர்கள், "நாங்கள் எவ்வளவு நேர்மை பாருங்கள்" என்று சீட்டுக் கலைக்கும் நிரலை ஊரறிய வெளியிட்டார்கள். 1999இல் சில நிரலாளர்கள் அதை உட்கார்ந்து படித்தார்கள். அந்த நிரலால் 430 கோடி அடுக்குகளுக்கு மேல் உண்டாக்கவே முடியாது என்று கண்டார்கள். அதுவும், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் ஓடியிருக்கிறது என்ற எண்ணிலிருந்துதான் கலைப்பே தொடங்குகிறது. ஒரு நாளில் 8 கோடியே 64 இலட்சம் மில்லிசெக்கன். ஆகவே 8 கோடியே 64 இலட்சம் அடுக்குத்தான். கடிகாரத்தை ஒத்துப் பார்த்துக்கொண்டு, தங்கள் கைச்சீட்டையும் மேசையில் விழுந்த முதல் மூன்றையும் கணினிக்குக் கொடுத்தார்கள். எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது, அடுத்து என்ன விழும் என்று அது சொல்லிவிட்டது! குறையைக் கண்டவர்கள் நல்லவர்கள், ஊருக்குச் சொன்னார்கள். நல்லவர் அல்லாதவர் கண்டிருந்தால்?

அதற்கும் பதில் இருக்கிறது. 2007, 2008இல் அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரண்டு தளங்களில், மற்றவர்களின் மறைசீட்டைப் பார்க்கக்கூடிய கணக்குகள் இருந்தது வெளிப்பட்டது. சாவு வீட்டில் ஒருவன் எட்டிப் பார்த்தால் கழுத்தைப் பிடிக்கலாம். இங்கே யாருடைய கழுத்தைப் பிடிப்பது?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் திருட்டைப் பிடித்தவர்கள் பொலிஸார் அல்ல, ஆட்டக்காரர்களே. நடந்த ஒவ்வோர் ஆட்டமும் பதிவில் இருந்தது. ஒருவன் மட்டும் மனிதனால் முடியாத அளவுக்கு எப்படிச் சரியாக ஆடுகிறான் என்று பதிவை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். நேரில் நடக்கிற கள்ள ஆட்டத்துக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. தேயிலை மலைக்குள்ளே ஒளிந்து உட்கார்ந்து, போத்தலும் வைத்துக்கொண்டு, கடைசியில் கத்திக்குத்தில் முடிந்த சீட்டாட்டங்களை நாம் கேள்விப்படாதவர்களா? 1889ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சூதாட்டக் கட்டளைச் சட்டம் வந்தது என்றால், அன்றைக்கே அது தேவைப்பட்டது என்றுதானே பொருள்? ஆகவே நேரில் ஆடினால் புண்ணியம், போனில் ஆடினால் பாவம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

நான்காவது, போதும் என்கிற வாய். அது ஏன் போனில் இல்லை என்பதற்கு விடை காசில் இருக்கிறது. தாய்மார்களே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு கணக்கு. ஐந்து பேர், ஆளுக்கு 1,000 ரூபா. மொத்தம் 5,000. வீட்டில் உட்கார்ந்து விடிய விடிய ஆடினாலும் விடிந்ததும் மேசையில் எவ்வளவு இருக்கும்? 5,000. ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போயிருக்கும். மேசையை விட்டுப் போகாது. இனி அதே ஐந்து பேரும் போனில் ஆடுகிறார்கள். மேசை போட்டுக் கொடுத்த கம்பனி ஒவ்வோர் ஆட்டத்திலும் சேருகிற பணத்தில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 400 ரூபா சேர்ந்தால் கம்பனிக்கு 20. மணிக்கு 60 ஆட்டம் என்றால் 1,200 ரூபா. நாலு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆனால் 250 ஆட்டம். 250ஐ 20ஆல் பெருக்குங்கள். 5,000! ஐந்து பேரும் ஒரே திறமைக்காரர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் ஐந்து பேர் கையிலும் ஒன்றுமில்லை.

2024இல் நம் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கு எத்தனை வருடப் போராட்டம், எத்தனை ஊர்வலம்! அட்டை கடிக்க, முதுகில் கூடையோடு ஏறி இறங்கி எடுத்த அந்த நாட்சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட, ஒரே ஒரு மேசை ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடுகிறது. சாவு வீட்டில் இடம் கொடுத்தவருக்குத் தேத்தண்ணிச் செலவு. போனில் இடம் கொடுத்தவருக்கு மட்டுமே வரவு!

"ஐயா, அதிலே கோடீஸ்வரன் ஆனவனும் இருக்கிறானே?" என்று ஒரு தம்பி கேட்பது எனக்குத் தெரிகிறது. இருக்கிறான். கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டொலர் கட்டி இணையத்தில் ஒரு தகுதிப் போட்டி ஆடி, 2003இல் உலகப் போக்கர் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் வென்றார். உண்மைக் கதைதான். அதைப் பார்த்துத்தான் உலகமெல்லாம் ஓடி வந்து ஆடியது. அந்தப் போட்டியில் உட்கார்ந்தவர்கள் 839 பேர். ஒருவர் பெயரை நான் சொன்னேன். மற்ற 838 பேரை எந்த விளம்பரத்திலாவது பார்த்தீர்களா?

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நடந்தது நமக்கெல்லாம் பாடம்.

1968இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் ரம்மி வழக்கு வந்தது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே ரம்மி பெருமளவு திறமை ஆட்டம் என்றது நீதிமன்றம். ரம்மிக் கம்பனிகள் இன்றுவரை தூக்கிப் பிடிப்பது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட இடம் கொடுக்கிறவர் அந்த ஆட்டத்திலிருந்து இலாபம் எடுத்தால் கதை வேறு, அது குற்றமாகலாம் என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. முதல் பாதியைக் கம்பனிகள் உரக்கப் படித்தன. இரண்டாம் பாதியை யார் படித்தார்கள்?

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணத்தை இழந்து, கடன்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் வரிசையாக வந்தன. அரசு 2021இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வருடம் ஓகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சொன்னது செல்லாது என்றது. திறமையா, அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டமா, திறமையா? இந்த ஒரு கேள்வியிலேயே வருடங்கள் ஓடின.

என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே இடம் மாறி நிற்கிறது. திறமை ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். திறமை ஆட்டம் என்பதற்காகத் தோற்பவனின் காசு திரும்பி வருமா? கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆட்டத்தை நிறுத்துகிறவர் யார்? நிறுத்தாவிட்டால் இலாபம் யாருக்கு?

அந்த இடத்துக்குத் தமிழ்நாடு 2025இல் வந்து சேர்ந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் வந்த விதிகளைப் பாருங்கள். இரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 5 மணிவரை காசு வைத்து ஆட முடியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆடினால் இவ்வளவு நேரம் ஆடிவிட்டாய், இவ்வளவு செலவழித்துவிட்டாய் என்று அரை மணிக்கொரு முறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும். கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. நண்பர்களே, இந்த விதிகள் யார் என்று தெரிகிறதா? "விடிஞ்சா பெரட்டுக்குப் போக வேணாமா, போதும், எந்திரிங்கடா" என்று சொன்ன நம் கிழவியேதான்! படித்த நிபுணர்கள் கூடி, சட்டம் எழுதி, நீதிமன்றம் ஏறி, அந்தக் கிழவியின் குரலைத் திரைக்குள் கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறார்கள்.

பிறகு 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டம் முழுவதையுமே தடைசெய்தது. திறமை என்றாலும் சரி, அதிர்ஷ்டம் என்றாலும் சரி. அதே ஓகஸ்டில் இங்கே நமது பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டத்தை நிறைவேற்றி, இணையவழிச் சூதாட்டத்தையும் அதன் எல்லைக்குள் கொண்டுவந்தது. அங்கே தடை, இங்கே ஒழுங்குபடுத்தல். எது நல்லது என்று காலம் சொல்லட்டும்.

ஆனால் சட்டமே போதுமா? நம் தோட்டங்களில் அருச்சுனன் தபசுக் கூத்து ஆடுகிறோம். அருச்சுனன் ஏன் தபசுக்குப் போனான்? அண்ணன் சூதில் தோற்று, எல்லோரும் காட்டுக்குப் போனதால். அந்தச் சூது எங்கே நடந்தது? இருட்டறையிலா? நிறைந்த சபையில்! பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். பந்தயம் வைத்தவன் துரியோதனன், காயை உருட்டியவன் சகுனி. எதிரே ஆடுவது ஒருவன், இலாபம் எடுப்பது இன்னொருவன் என்பது அன்றைக்கே இருந்திருக்கிறது! விதுரர் ஒருவர் மட்டும் நிறுத்து என்றார். கேட்க ஆளில்லை. ஆகவே சுற்றி ஆள் இருந்தால் மட்டும் போதாது. சொல்கிற வாயும் வேண்டும், கேட்கிற காதும் வேண்டும்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்கிறேன். சீட்டு ஆடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். முந்நூற்று நாலு ஆடுங்கள், ரம்மி ஆடுங்கள், காசில்லாமல் போக்கரும் கற்றுக்கொள்ளுங்கள். நிகழ்தகவுக் கணக்கு அதைவிட இனிமையாக எங்கேயும் புரியாது. காசு என்று வந்தால் போனில் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டீர்களா? தோற்ற காசை அதே இடத்தில் தேடப் போகாதீர்கள். வீட்டில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் கையை ஓங்காதீர்கள். லயம் முழுக்கக் கேட்கும்படி மானத்தை வாங்காதீர்கள். கடன் எவ்வளவு என்று கேட்டு, கூட உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய கடனை அடைத்துவிடலாம். மறைத்த கடன்தான் உயிரை எடுக்கிறது. மனம் உடைந்து போனவர் யாராக இருந்தாலும் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேசலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளைகளின் போனில் பதிந்து வையுங்கள்.

ஊர்ப் பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பொடியன்களுக்கு உட்கார ஓர் இடம், ஒரு கரம் பலகை, இரண்டு கட்டுச் சீட்டு கொடுங்கள். கூடி ஆட இடமில்லாத ஊரில்தான் தனித்து ஆடப் போகிறார்கள். கம்பனிக்கு நம் பிள்ளையின் பெயர் தெரியாது, நமக்குத் தெரியும். நம் வீட்டுச் செலவு அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும். போதும் என்று அது ஒருநாளும் சொல்லாது. சொன்னால் அதன் வியாபாரம் நடக்காது. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். சண்டையாகச் சொல்லாமல் உரிமையோடு சொல்லுங்கள். காலம் கடந்த பிறகு சொல்லாமல் இன்றைக்கே சொல்லுங்கள்.